கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

1

இந்தக் கதையில் என் பங்கு குடை பிடித்தது மட்டும்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராஜஸ்தானத்துப் பாலோத்ராவில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியாராக, ஊர் வாயில் 'மாட்சாப்' ஆக, காலம் தள்ளுகிறேன். எங்கள் தலைமையாசிரியை பதம் கன்வர், ஓய்வாகச் சவாரி செய்ய ஒரு குதிரை வாங்கப் போனார். வெயிலுக்குக் குடை பிடிக்க நானும் போனேன். திரும்பி வரும்போது ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, இதை எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன். மொழி தெரியாமல் வந்திறங்கியவனுக்கு முதல் மாதம் முழுக்கப் பதம் கன்வர் வீட்டிலிருந்துதான் கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் வந்தன. நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதல் தொடக்கம்: "லூணி ஆற்றில் தண்ணீர் வற்றிய பங்குனி மாதத்தில், திலவாடா குதிரைச் சந்தைக் கூட்டம் வெள்ளம்போல..." வேண்டாம். லூணியில் தண்ணீர் வற்றாத மாதத்தை நான் பார்த்ததே குறைவு.

இரண்டாவது தொடக்கம்: "பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனபோது குதிரையிலிருந்து இறங்கிய பதம் கன்வர், நாற்பத்தெட்டாவது வயதில் மறுபடி ஏற ஆசைப்பட்டார்." இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

ஆசைப்பட்டால் ஆயிற்றா? கணவர் போம்சிங் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய தம்பி ஜேத்சிங் மூன்று வருடத்துக்கு முன் குதிரை இடறி விழுந்து செத்துப்போனான். அதிலிருந்து அந்த வீட்டில் குதிரை என்ற சொல்லே கிடையாது. லாயத்தில் சாணி எருவும் பழைய சைக்கிளும்தான் கிடந்தன.

ஒரு வருடம் கெஞ்சியபின் போம்சிங் ஒரு வழிக்கு வந்தார். "இந்தச் சந்தை முடியறதுக்குள்ள என் மனசுக்கு ஒத்த குதிரை கிடைச்சா வாங்கலாம். கிடைக்கலேன்னா, இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்." பதம் கன்வர் தலையாட்டினார். நாங்கள் போனது சந்தையின் கடைசி நாள்.

(முதல் பிரதியில் போம்சிங்கை முரட்டு மீசைக்காரராக, கொடுங்கோலராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. அந்தப் பக்கங்களை மார்வாடியில் சொல்லிக் காட்டியபோது பதம் கன்வர் சிரிக்கவில்லை. "மாட்சாப், அவர் என்னைத் தடுக்கல. பயந்தார். ரெண்டும் ஒண்ணா?" என்றார். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். ஒரு நல்ல மனிதரை எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.)

3

குதிரை பார்த்துச் சொல்ல வந்தவர் ஹாசம் கான். பதம் கன்வரின் பிறந்த ஊர்க்காரர். அதனால் ஐம்பதை நெருங்கும் தலைமையாசிரியையை இன்னும் 'பாயிசா', அதாவது வீட்டுப் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார்.

போம்சிங்கின் கண் ஒரு கறுப்புக் குதிரையில் போய் நின்றுவிட்டது. "காதைப் பாருங்க கான். நுனி ரெண்டும் முட்டுது. தொண்டையில தெய்வச் சுழி வேற. இதுக்கு மேல என்ன வேணும்?"

"காது மேலயா உக்காரப் போறாங்க, ஹுகும்?" என்றார் ஹாசம் கான். (இந்த ஊர் மரியாதையில் 'ஹுகும்' என்றால் 'ஐயா'.)

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒட்டகக்காரர்களுக்குப் புரையேறியது. போம்சிங்குக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"மணல்ல நிக்கிற குதிரை எல்லாமே நல்ல குதிரைதான். குளம்பு உள்ள புதைஞ்சிருக்கும், யாருக்குத் தெரியும்? ரோட்டுக்குக் கொண்டுவாங்க."*

* இந்த ஊரில் எல்லாரும் செய்யும் தவறு இதுதான். சந்தை கூடுவதே ஆற்று மணலில். காதைப் பார்த்து, சுழியைப் பார்த்து, மணலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். காலைப் பார்ப்பது வீட்டுக்குப் போனபின்.

தார் ரோட்டில் கறுப்பின் வண்டவாளம் தெரிந்துபோயிற்று. பின்னங்கால் முட்டிகள் ஒன்றையொன்று உரசப் பார்த்தன. முன்னிடது குளம்பு வலதைவிடக் குறுகல். "இது என்னிக்காவது இடறும்," என்றார் ஹாசம் கான்.

அடுத்து ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை வந்தது. பாத்லி என்று பெயர். ஹாசம் கான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தோள் நல்லா சாஞ்சிருக்கு பாயிசா, அதனால நடை அலுங்காது. முதுகு குட்டை, ஆளைத் தாங்கும். பின்னால வந்து பாருங்க, காலு ரெண்டும் நேர்க்கோடு. உங்களுக்குப் பந்தயமா ஓடணும்? காலையில வயலோரம் ஒரு சுத்து. அதுக்கு இவளைவிட்டா வேற ஆள் இல்ல."

பதம் கன்வர் அதன் கழுத்தில் கை வைத்தார். குதிரை மூக்கை அவர் தோளில் இடித்தது.

பிறகு ஹாசம் கான், குஞ்சம் வைத்த தலைக்கயிற்றைத் தானாகவே கழற்றினார். "மறைச்சு வாங்கிக் குடுக்கிற பழக்கம் எனக்கில்ல. இதையும் பாத்துக்குங்க."

இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி.

கண்ணீர்ச் சுழி. அது வந்து நிற்கும் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். போம்சிங் ஓரடி பின்வாங்கினார். "இது எங்க வாசலைத் தாண்டாது," என்றார்.

4

இந்த இடத்தில் நான் முதலில் எழுதியது:

பதம் கன்வர் கணவரை நேருக்கு நேர் பார்த்து, "ஜேத்சிங் குதிரைக்குத் தொண்டையில என்ன சுழி இருந்துச்சு ஹுகும்?" என்று...

நல்ல வசனம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பதம் கன்வர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதை நான் சொல்லியிருப்பேனா மாட்சாப்? சொல்றதா இருந்தா மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனா?"

நடந்தது இதுதான். அவர் தலைக்கயிற்றைத் திரும்பக் குதிரைக்கு மாட்டினார். குஞ்சத்தைச் சரிசெய்தார். "சரி, வாங்க போகலாம். வெயில் ஏறுது," என்று ஜீப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். குடையோடு நானும் நடந்தேன்.

பின்னால் போம்சிங்கின் குரல் கேட்டது. எங்களிடம் பேசியது மாதிரி இல்லை. "அவன் குதிரைக்குத் தெய்வச் சுழி இருந்தது. நான்தான் பாத்து வாங்கிக் குடுத்தேன். மணல்ல வச்சு. காலைத் தூக்கிக்கூடப் பாக்கல."

திரும்பிப் பார்த்தோம். அவர் பாத்லியின் பக்கத்தில் குனிந்து முன்னிடது காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். குளம்பின் மண்ணை விரலால் தோண்டி எடுத்தார். வெடிப்பு இருக்கிறதா என்று தடவினார். அடுத்த கால். குனிந்த வேகத்தில் தலைப்பாகை ரோட்டில் விழுந்தது. இந்த ஊரில் ஓர் ஆம்பளைக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அவர் அதை எடுக்கவில்லை. நான்காவது காலையும் பார்த்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.

நான் ஓடிப்போய்த் தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டினேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததால் குடையை அவர் முகத்துப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். குடைக்குள் என்ன நடந்தது என்று எழுதமாட்டேன்.

"நாலும் ஒரே அளவு," என்று கடைசியில் சொன்னார். "லாரி பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போகலாம்."

5

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: ஒருநாள் பாத்லி இடறுகிறது. கதையில் சுழியைக் காட்டினால் கண்ணீர் வந்தே தீர வேண்டும் என்பது எங்களைப் போல எழுதுகிறவர்களின் மூடநம்பிக்கை. போம்சிங்கே விட்டுவிட்டதை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதா? கிழித்தாயிற்று.

இரண்டு: குடைக்குள் அழுததோடு சுழியின் கணக்குத் தீர்ந்தது என்று முடிப்பது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுழிக்கு எதற்கு அந்தப் பெருமை? குனிந்தது அந்த மனிதர்.

மூன்றாவதை முடிவு என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சீரக வயலோரம் பாத்லி வருகிறது. மேலே பதம் கன்வர், முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு. பக்கத்தில் போம்சிங், கயிற்றைப் பிடித்தபடி நடந்து வருகிறார். ஆறு மாதம் ஆகிறது. "விடுங்க ஹுகும், நான் பாத்துக்கறேன்," என்கிறார் அவர். "இந்த வேலமரம் வரைக்கும்," என்கிறார் இவர். வேலமரம் தாண்டியும் கயிறு கையில்தான் இருக்கிறது. பதம் கன்வர் கோபித்துக்கொள்வதில்லை. ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் வகுப்புக்குப் போகிறேன். இதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், கரும்பலகையில் தேதியை எழுதுகிறேன்.

இன்று காலைவரை போம்சிங் கயிற்றை விடவில்லை. அதனால் விட்டார் என்று என்னால் எழுத முடியவில்லை. அந்தக் கயிற்றை இப்போது உங்களிடம் தருகிறேன். அவசரப்பட வேண்டாம். பக்கத்திலேயே நடந்து வாருங்கள், குளம்புச் சத்தத்தைக் கேளுங்கள், நான்கும் சரியாக விழுகின்றன என்று உங்களுக்கே நம்பிக்கை வரும்போது