ஒப்பிட்ட பின் ஒரு வரி

"அதத் தூக்கிக் குப்பையில போடுன்னு எத்தன தடவ..."

"கைய எடுடா, பார்த்துட்டு இருக்கேன்ல..."

"ஒன்பது மாசமா பார்க்காதத இன்னிக்கு என்ன புதுசா..."

"எடுன்னு சொல்றேன்!"

எடுத்துவிட்டான். தம்பி எப்போதும் அப்படித்தான், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான், அதட்டினால் அடங்கிப்போவான்... மேசைமேல் அப்பாவின் பெட்டி. அவர் விரலில் மாட்டியிருந்த கவ்வி வழியாக ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருந்தது, தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்க வேண்டியது, இப்படிப்பட்ட பெட்டிகள் செய்யும் இடத்தில்தான் அவளுக்கு வேலை, அங்கிருந்து அவளே கொண்டுவந்தது. பக்கத்தில் மடிக்கணினித் திரையில், அந்தப் பெட்டிக்கு அவளே எழுதிய கட்டளைகள். வரி நாற்பத்தொன்று, தொண்ணூறோடு ஒப்பிடு. நாற்பத்துமூன்று, குறைவென்றால் மணிக்குப் போ. நடுவில் இந்த நாற்பத்திரண்டு எங்கிருந்து முளைத்தது? ஆமாம், ஒரு நாளில் எத்தனை முறை அப்பாவைப் பார்க்கிறது என்று எண்ண ஆசைப்பட்டு, ஒன்று கூட்டு, அவ்வளவுதான், இந்த ஒரு பெட்டியில் மட்டும், பெற்ற அப்பா என்பதற்காக ஒரு வரி அதிகம்...

பெட்டிக்குள் கணக்குப் போடும் செயலி ஒப்பிடுவதென்றால் கழித்துப் பார்ப்பதுதான். விடையை வீசிவிடும், குறைவா சமமா என்ற அடையாளத்தை மட்டும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளும், ஃபிளாக் என்பார்கள், மணிக்குப் போகச் சொல்லும் வரி அந்தக் குறியை மட்டும்தான் பார்க்கும், ஆனால் இடையில் வேறு கணக்கு வந்தால் பழைய குறி அழிந்து அதன் குறி ஏறிவிடும். இதைச் சொன்னபோது அப்பா இருமிக்கொண்டே சிரித்தார், "உங்கம்மாவும் அப்படித்தான்டி, எங்கண்ணனையும் என்னையும் எட போட்டுப் பார்ப்பா, எவ்வளவு கொறையுதுன்னு மறந்துடுவா, கொறையுதுங்கறத மட்டும் சாகுற வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தா." அம்மாவாவது அழிக்காமல் வைத்திருந்தாள்... ஒன்று கூட்டினால் குறைவு என்று எப்படி வரும்? எண்பது ஆகட்டும், எழுபது ஆகட்டும், குறைவு என்று ஒப்பிட்டுக் குறித்ததை அடுத்த வரியே அழித்திருக்கும், குறைவில்லை, குறைவில்லை, அப்பா நீலம் பாய்ந்து கிடக்கக் குறைவில்லை. ஆனால் தினமும் காலையில் சோதனைப் பொத்தானை அழுத்தினாளே, கணீரென்று அடித்ததே... அடிக்காமல் என்ன செய்யும், பொத்தான் எதையும் ஒப்பிடாது, நேரே மணிக்குப் போகும்.

அப்பா இறந்த அன்று பகலில் அவள் வேலைக்குப் போயிருந்தாள், இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்த தம்பிதான் அப்பா பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். திரும்பி வந்து முதலில் என்ன சொன்னாள்? "மணி அடிச்சிருக்கும்டா, நீதான் அசந்துட்ட." அவ்வளவு திடமாக எப்படிச் சொல்ல வந்தது... அதற்கு அப்புறம் அவன் பகலில் படுப்பதே இல்லை, தெருவில் சைக்கிள் மணி கேட்டால்கூட எழுந்து நிற்கிறான், கன்னம் ஒட்டிவிட்டது. சொல்லிவிட வேண்டும், இப்போதே, திரையை அவன் பக்கம் திருப்பினால் போதும், ஆனால் கை ஏன் மூடியைத் தாழ்த்துகிறது, யாருக்காக இந்த எச்சரிக்கை, அவனுக்காகவா...

தம்பி பெட்டியருகே குனிந்தான். தடுப்பதற்குள் சோதனைப் பொத்தானை அழுத்திவிட்டான். அறை அதிர அடித்தது, சன்னல் கண்ணாடிகூட நடுங்கியது. நிற்கும்வரை தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு சத்தத்துக்குமா அக்கா நான் எழுந்திரிக்கல?"