நீலக் கோடு

வெர்லீன் வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீரை ஊற்றினாள். அவள் கணவன் ஆல்ரிக் வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டுப் பல்லைக் கடித்தான். நேற்றுக் காலை குத்திய சிங்கமீனின் விஷ முள். விரல்கள் இன்னும் தடித்துக் கிடந்தன.

"இந்தக் கையோட சவப்பெட்டி தூக்க முடியாது வெர்லீன். வேற ஆளைச் சொல்லிடு."

"தோள்ல தானே தூக்கப் போறே, கையிலயா? அப்பாவோட பெட்டிக்கு முன்பக்கம் நீதான் நிக்கணும்."

அவன் வாளியின் மேல் குனிந்துகொண்டான். கை ஒரு சாக்குதான்.

நேற்று மாமனார் எல்பர்ட்டும் அவனும் பவளப்பாறையில் மூழ்கியிருந்தார்கள். எங்கிருந்தோ வந்து குடியேறி, பாறையின் குஞ்சு மீன்களை எல்லாம் தின்று தீர்க்கும் சிங்கமீன்களை ஈட்டியால் குத்தி, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் குழாயில் அடைப்பது அவர்கள் வேலை. குத்திய மீனைச் சுறாவுக்குக் கொடுக்கக் கூடாது. மாமனார் போட்டிருந்த ஒரே சட்டம் அது. ஆல்ரிக் அதை மீறத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. உல்லாசப் பயணிகள் படமெடுப்பார்கள் என்று, துடுப்பில் பிளவு விழுந்த ஒரு சுறாவுக்கு ஈட்டி நுனியில் மீனை நீட்டி வந்தான். இப்போது அது ஈட்டியைக் கண்டாலே வந்துவிடுகிறது.

நேற்றும் வந்தது. மாமனாரின் தோளை உரசிக்கொண்டு போய்த் திரும்பி, அவர் இடுப்புக் குழாயைக் கவ்வி உலுக்கியது. முகமூடிக்குள் அவர் கண்கள் விரிந்ததை ஆல்ரிக் பார்த்தான். ஈட்டியின் பின்கட்டையால் அதன் மூக்கில் இடித்தான். அந்த இழுபறியில்தான் முள் ஏறியது.

படகில் திரும்பும்போது மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பின் வலை ஊஞ்சலில் படுத்தவர் எழுந்திருக்கவுமில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் நர்ஸ். எதனால் நின்றது என்பது தனக்குத் தெரியும் என்று ஆல்ரிக் நினைத்தான்.

உள்ளறையில் மாமியார் கொரீன், கணவரின் காலோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"வா ஆல்ரிக், இந்தக் காலைப் பிடி. சாக்ஸ் ஏறவே மாட்டேங்குது. உயிரோட இருக்கும்போதும் இதே அடம்தான்."

இடது கையால் பிடித்தான். "அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"பிடிச்சுக்கிட்டே சொல்லு."

"மாமா மேல வந்த சுறாவைப் பழக்கினது நான்தான். அந்தப் பயத்துலதான் அவரு…"

கொரீன் நிமிர்ந்தாள். வெளியே போ என்பாள் என்று அவன் காத்திருந்தான்.

"யாரு, இவரா பயந்தார்? சோறும் பீன்ஸும் ரெண்டு தட்டு. வறுத்த வாழைக்காய்ல என் பங்கும் சேர்த்து. பயந்த மனுஷன் சாப்பிடற சாப்பாடா அது? 'நம்ம மாப்ளே அது மூக்குல ஒண்ணு போட்டான் பாரு'ன்னு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சார்."

"என்கிட்ட வாயே திறக்கலையே அத்தை."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திறப்பார்? அந்தச் சுறாவுக்கு முதல் மீனை நீட்டினதே இவர்தான், உங்க கல்யாணத்துக்கு முந்தி. நேத்துதான் என்கிட்டயே ஒத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமை உன்கிட்டயும் சொல்றேன்னார். கள்ள மனுஷன்!"

ஆல்ரிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நேற்றிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்திருந்த மூச்சு, சிரிப்பு போன்ற ஒரு சத்தமாக வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வீங்கிய கைதான் முதலில் எழுந்தது.

"எங்கப்பாவோட பெட்டியில என்ன இருந்தது தெரியுமா?" என்றாள் கொரீன். "ஒரு சட்டை, ஒரு ஜோடி பூட்ஸ். கடல் மிச்சம் வச்சது அவ்வளவுதான். பெட்டியை ஏத்தின படகு, பக்கத்துல இருந்த நீலக் கோடுகூட நனையாம, காலிப் படகு மாதிரி ஆடிக்கிட்டே போச்சு. முப்பத்தெட்டு வருஷமா, இவர் ஈட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா, நான் பெட்டிக்குன்னு இந்த வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வச்சுட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்."

சட்டை அவர் உடம்பில் இருந்தது. அவள் சாக்ஸை உருவி, கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடி மாட்டினாள். இந்த முறை ஏறிவிட்டது.

நான்கு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆல்ரிக் முன்னால், இடது தோளில்.

"யப்பா, என்ன கனம்! எல்பர்ட் கடைசி வேளைச் சாப்பாட்டையும் விடல போலிருக்கே!" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். "மெல்ல, மெல்ல!"

கல்லறைத் தோட்டம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். பெட்டியைப் படகில் இறக்கியதும் படகு ஒருமுறை சாய்ந்து, நிதானித்தது. வெர்லீன் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றப் போனாள். கொரீன் ஏறவில்லை. படித்துறை விளிம்பில் குனிந்து, படகின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் தீட்டியிருந்த நீலக் கோடு முழுவதும் தண்ணீருக்குள் போயிருந்தது.