சம்பந்தியம்மாளின் குரல்

வாயில் நான்கு கொக்கிகளைக் கவ்விக்கொண்டு, ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய சாம்பல் நிறத் திரைச்சீலைக்குத் தையல் கடையில் மடிப்பு பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் கொக்கியக்காவின் கைபேசியில் சம்பந்தியம்மாளின் குரல் வந்து விழுந்தது. மகனுக்குக் கல்யாணம் முடிந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. சம்பந்தியம்மாள் எழுதி அனுப்புகிற ரகம் இல்லை; எதுவானாலும் பேசி அனுப்பிவிடுவாள். நலம் விசாரிக்கிறாளாக்கும் என்று கொக்கியக்கா முழங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்க ஆரம்பித்தாள்.

"நல்லா கேட்டுக்க. நான் சொல்றத யார்கிட்டயும் சொல்லாத, உன் புருஷன்கிட்டயும்தான். அந்தம்மா நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா ஒத்தப் பிள்ளைய ஒண்டியா நின்னு வளத்தவங்க. நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் கிளம்புற அன்னிக்குத்தான் அவங்களுக்கு வலி வரும், பாத்துக்க. நெஞ்சு வலி, தலைவலி, ஏதோ ஒண்ணு. மொத தடவை வர்றப்பவே நீ கிளம்பிப் போயிடணும். பக்கத்துல உக்காந்து கைகாலப் புடிச்சு விட்டியோ, தொலைஞ்ச. அப்புறம் ஆயுசுக்கும் உக்காந்தே இருக்க வேண்டியதுதான். நான் உங்கப்பாவோட அம்மாகிட்ட இருபத்தாறு வருஷம் உக்காந்தேன். உனக்கு அது வேணாம். மத்தபடி மரியாதையா இரு, வாய் குடுக்காத. மாத்திரை கேட்டா எடுத்துக் குடு. உக்காராத. அவ்வளவுதான். சாப்டியா?"

பக்கத்து மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் வேறு யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. கொக்கியக்கா வாயிலிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூப் படமும் "இனிய மதியம்" என்ற வாழ்த்தும் வந்து உட்கார்ந்திருந்தன. கொக்கியக்காவும் பதிலுக்குக் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவைத்தாள். வேறென்ன அனுப்புவது?

தப்பு எப்படி நடந்தது என்பதை யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மாளுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது; கைபேசியில் முகத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். நிச்சயதார்த்தத்தன்று மருமகளும் தானுமாகக் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த படத்தைக் கொக்கியக்கா அன்றைக்கே தன் எண்ணுக்கு முகப்புப் படமாக வைத்துவிட்டிருந்தாள். ஆசையாக வைத்த படம். மகள் முகம் தெரிந்ததும் அந்தம்மாள் அமுக்கிவிட்டாள். பாசத்தைக் காட்டப் போய் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவள் இந்த உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

கோபம் வரத்தான் செய்தது. வீட்டுக்குப் போனதும் மகனிடம் சொல்லி நாறடித்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்தாள். ஆனால் படியேறும்போது வேறொன்று நினைவுக்கு வந்து கால் தயங்கியது. நான்கு வருடத்துக்கு முன்னால் மகனுக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்தது. பெட்டி கட்டுகிற நாளில் இவளுக்குத் தலை சுற்றி, படுத்த படுக்கையாகி, இரத்த அழுத்தம் ஏறி, அவன் பெட்டியைப் பிரித்துவிட்டு உள்ளூரிலேயே இருந்துவிட்டான். நிஜமாகத்தான் சுற்றியது. அழுத்தத்தையும் மிஷின் வைத்துத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அவன் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கியதைப் படுக்கையிலிருந்து பார்த்தபோது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியதே, அது என்ன? அந்தச் சம்பந்தியம்மாள் எங்கே ஒளிந்து நின்று இதைப் பார்த்துத் தொலைத்தாள்?

அதனால் கொக்கியக்கா யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, தனக்கு இனிமேல் வலியே வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

சொல்வது சுலபம். முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும் "அப்பாடா, இடுப்பு விட்டுப்போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள். இப்போது வாயை மூடிக்கொண்டு கழற்றினாள். தைலத்தின் வாசனை வெளியே தெரிந்துவிடும் என்று அதையும் நிறுத்தினாள். இரண்டாவது மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுக்கப் போட்டது. மருமகள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். தங்கமான பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்றாள். தம்ளரைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்தாள். "ரெஸ்ட் எடுங்க அத்தை" என்றாள். போகும்போது வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். கால் இந்தப் பக்கம் வரவா, அந்தப் பக்கம் போகவா என்று தடுமாறியது கொக்கியக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. போய்விட்டாள். ஓகோ, அந்தச் செய்தி போக வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கொக்கியக்கா மாத்திரையை விழுங்கினாள்.

வலது விலாவுக்குக் கீழே குத்த ஆரம்பித்தது அதற்கு அடுத்த மாதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனதும் கிளம்பும். முதுகுக்குப் போய்த் தோள்பட்டையில் ஏறி உட்காரும். வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்தாள். மிஷினில் குனிய முடியாமல் போன ஒரு மத்தியானம், கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனாள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, நிறைய.

"ஆபரேஷன்தாம்மா. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, ஆனா தள்ளிப்போடாதீங்க" என்றாள் டாக்டரம்மா. "கல்லு நகர்ந்து குழாயில அடைச்சுதுன்னா விஷயமே வேற. நடுங்கிக்கிட்டுக் காய்ச்சல் வரும், கண்ணு மஞ்சளாகும். அப்ப யோசிக்க நேரம் இருக்காது. இந்த வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா? வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை! கல்யாணமாகி இத்தனை நாளில் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை அமைந்திருந்தது அப்போதுதான். நாலு நாள் மலைப்பக்கம் போக ரயிலில் பதிவு செய்து, அறை பிடித்து, மருமகள் புதிதாக ஒரு ஜோடி ஷூகூட வாங்கிவிட்டாள். அந்த ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். கொக்கியக்கா டாக்டரிடம், "வீட்டுல எல்லாரும் வெளியூர் போறாங்க, வந்ததும் வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டைக் கடையில் தன் தையல் மேசை இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். நாலு நாள்தானே? நாலு நாள் ஒரு கல்லுக்குப் பொறுக்காதா என்ன?

வெள்ளிக்கிழமை காலையில் பொறுக்கவில்லை. விடிந்ததிலிருந்தே குளிர் உதறிக்கொண்டிருந்தது. கொக்கியக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். பத்து மணிக்கு மகன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, கேஸை மூடிட்டுப் படு, கதவைப் பூட்டு, போன எடு" என்று நூறு புத்திமதி சொல்லிவிட்டுக் கீழே காருக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் அடுப்பு மேடையைப் பிடித்தாள். பிடித்த கை வழுக்கியது. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, போயிட்டு வர்றோம்" என்று சொல்லிக்கொண்டே மருமகள் உள்ளே வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றாள். அதே மூன்றடி தூரம். கொக்கியக்கா அந்தப் புது ஷூக்களைத்தான் பார்த்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"என்ன அத்தை? கீழ உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. கொக்கி ஒண்ணு விழுந்துச்சு, தேடறேன்."

கீழேயிருந்து கார் ஒருமுறை ஒலி எழுப்பியது. மருமகள் அசையவில்லை. "வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு" என்றாள். பிறகு, "நிஜமாவே ஒண்ணுமில்லையா?" என்றாள்.

அந்த 'நிஜமாவே'தான் கொக்கியக்காவை உடைத்தது. மூன்று மாதமாக முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்த நடையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வீணாய்ப் போனது போலிருந்தது.

"நிஜம்தாம்மா. உங்கம்மா சொன்ன நாளாப் பாத்து வந்து தொலைச்சிருக்கு. நான் என்ன செய்யட்டும், சொல்லு?"

மருமகளின் முகம் வெளிறிப்போனது. "உங்களுக்கு… உங்களுக்கு எப்படி அத்தை…"

"உங்கம்மா பேசி அனுப்பினது எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. உனக்கு அப்புறம்தான்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் அந்தக் கண் கூர்மையாகி, மாமியாரின் முகத்தை அளந்தது. நடிப்பா, வலியா என்று தேடுகிறாள் என்பது கொக்கியக்காவுக்குப் புரிந்தது. தேடட்டும், இத்தனை வருடத்தில் தனக்கே முழுதாகக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டும் என்று தோன்றியது. இந்தத் தடவை மட்டும் நிஜம் என்று எதன்மேல் அடித்துச் சொல்வது? ரிப்போர்ட் கடையில், பூட்டுக்குள் கிடக்கிறது.

"எங்க வலிக்குது?" என்று கேட்டபடி மருமகள் குனிந்தாள். கொக்கியக்கா அவள் கையைப் பற்றி விலாவுக்குக் கீழே வைத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கீழே கார் இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை நீளமாக ஒலித்தது. மேடைமேல் மருமகளின் கைபேசி அதிரத் தொடங்கியது. கிளம்பியாச்சா என்று கேட்க அவளுடைய அம்மாதான். எடுக்கவும் கை வராமல், தரையில் உட்காரவும் உடம்பு வராமல், அவள் ஒரு முழங்காலை மடக்கியபடி பாதியில் நின்றாள்.

"கிளம்பும்மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள் கொக்கியக்கா. மனசாரத்தான் சொன்னாள். மருமகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் மட்டும் விடவில்லை.