நாற்பத்து மூன்று சீனக் காசுகள்

என் வீட்டுக்காரர் பால்துரையைப் பற்றி ராஜபாளையத்தில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தங்கத்தோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் சரித்திர டீச்சர். 1991இல் ஒருநாள், மலையடிவாரத்துக் கூமாப்பட்டியில் கிணறு வெட்டிய வேல்சாமி ஒரு மண்கலயத்தை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். அவர் மகள் என் வகுப்பு. கலயத்துக்குள் சதுர ஓட்டை போட்ட நாற்பத்து மூன்று வெண்கலக் காசுகள், சீன எழுத்தோடு.

"ஒங்கள நம்பித் தாரேன் டீச்சர். பாத்து எழுதுங்க," என்றார்.

ஒன்பது மாதம் புத்தகங்களோடு மல்லுக்கட்டினேன். அவை ஆயிரம் வருஷத்துக்கு முந்திச் சீனாவை ஆண்ட சோங் வம்சத்துக் காசுகள். நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று பேரரசர்கள் தடை போட்டும், மிளகு வாங்கக் கப்பலேறிக் கொல்லம் வரை வந்தவை. அங்கிருந்து மலை தாண்டி நம் பக்கமும் வந்திருக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. சீனக் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். கூமாப்பட்டியை எவர் கண்டார்? முனைவர் பட்டம் வாங்கினால் மதுரையில் கல்லூரி வேலை நிச்சயம் என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர். செவ்வாய்க்கிழமை கேமராவோடு அவரே வருவதாக இருந்தது. படம் எடுத்ததும் காசுகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"மதுரைக்கா? அப்ப எனக்கு யாரு சோறு பொங்குவா?" என்று பால்துரை சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை பீரோவைத் திறந்தேன். ஒவ்வொரு காசையும் தனித்தனித் தாள் உறையில் போட்டு, எந்த அரசர் காலம், என்ன எடை என்று எழுதி வைத்திருந்தேன். உறைகள் எல்லாம் இருந்தன. காசு ஒன்றுகூட இல்லை.

"சர்ச்சுக்குப் புது மணி வார்க்க வெண்கலம் கேட்டாவல்லா, அதுல போட்டுட்டேன்," என்றார். "உருக்கி வார்த்தும் முடிஞ்சுட்டு. பழைய ஓட்டைக் காசுன்னு நெனச்சேன். ஒம் பேருலதான் குடுத்தேன்."

மணி வார்க்க வீட்டுக்கு ஒரு வெண்கலச் சாமான் கொடுப்பது எங்கள் சபை வழக்கம். பிள்ளைகளின் அரைஞாணில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்து ஓட்டைக் காசைக்கூடப் போடுவார்கள். வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

"நாப்பத்து மூணு உறையப் பிரிச்சிருக்கிய. ஒண்ணுலகூடவா என் எழுத்து கண்ணுல படல?"

பீரோக் கதவைச் சாத்தினார். பொறகு, "நீ போயிருவேல்லா," என்றார்.

பாவி! மறுநாள் வந்த பேராசிரியர் காலி உறைகளைப் பார்த்துவிட்டு, "காசு இல்லாம இது நிக்காதும்மா," என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணியைப் பிரதிஷ்டை செய்தார்கள். போதகர் கொடுத்தவர்கள் பேரை வாசித்தார். "திருமதி ஜெயபாய் பால்துரை, நாற்பத்து மூன்று காசு."

எழுந்தேன். "நான் குடுக்கல ஐயா. எனக்குத் தெரியாம இவிய எடுத்துட்டாவ. அது கூமாப்பட்டிக்காரர் என்னை நம்பித் தந்தது."

பால்துரை மெதுவாக எழுந்து கைகூப்பினார். "ஒரு வாரமா அவளுக்குத் தூக்கமில்ல ஐயா. மனசு சரியில்ல. மன்னிச்சுருங்க."

போதகர் இரக்கத்தோடு தலையாட்டினார். "சகோதரி ஜெயபாய்க்காக ஜெபிப்போம்," என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பால்துரையும் மூடிக்கொண்டார். நான் ஒருத்திதான் கண்ணைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன்.