சுவரை நக்கிய ஊர்

மரக்காணம் உப்பளச் சாலையில் இருக்கிற குழந்தைகள் காப்பகத்தின் வடக்குச் சுவரை அந்த வருஷம் பங்குனி மாதம் முழுக்க ஊரார் நக்கினார்கள். ஆள் நின்றால் வாய் எட்டுகிற உயரம் வரைக்கும் சுண்ணாம்பு கரைந்து செங்கல் தெரிந்தது. மண்டி போடக் கூச்சப்படாதவர்கள் கீழ்ப்பகுதியையும் தீர்த்துவைத்தார்கள். சித்திரை பிறந்தது, உப்பு விலை கொஞ்சம் இறங்கியது, வெயில் ஏறியது, நக்குவது மட்டும் நிற்கவில்லை.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இலக்கியா. உப்பு வாரப் போகிற பெண்கள் விடிவதற்கு முன்பே கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள், மத்தியானம் வந்து பால் கொடுப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் பிள்ளைகள் வரப்பில் நாலு குச்சி நட்டுக் கட்டிய சேலை நிழலில்தான் கிடந்தன. கட்டடம் பிரம்மதேசம் நடராசனுடையது. அவர் உப்புப் பாத்திகளுக்குச் சொந்தக்காரர். பழைய உப்புக் கிடங்கைப் பெருக்கிவிட்டுக் கொடுத்திருந்தார், எப்போது வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சோடு. இலக்கியா கை கழுவிவிட்டு, கழுவினோமா என்று சந்தேகப்பட்டு மறுபடி கழுவுகிற ரகம். அவளுடைய மகள் நிறைமதியும் அங்கேதான் தவழ்ந்தது. பிள்ளைகள் தடவி விளையாட என்று தானம் செய்ய வந்த யாரோ போட்டோ பிடித்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன வண்ண டியூபை நிறைமதி பிதுக்கித் தின்று நீலமாக வாந்தி எடுத்த அன்று, இனிமேல் வண்ணத்தைத் தானே காய்ச்சுவது என்று இலக்கியா முடிவு செய்தாள். தவழ்கிற பிள்ளைக்கு வண்ணம் என்பதும் தின்கிற சாமான்தான்.

பச்சரிசி மாவைக் கட்டி தட்டாமல் கரைத்துப் பசையாகக் காய்ச்சி ஆறவைப்பாள். சிவப்புக்கு பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், மஞ்சளுக்கு அரைத்த கேரட், பச்சைக்கு முருங்கைக்கீரையை வேகவைத்து வடித்த சாறு. உப்பு மட்டும் போடுவதில்லை, கைக்குழந்தைக்கு அது ஆகாது. உப்பில்லாததால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் காய்ச்சுவாள். ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுப் பார்த்த பிறகே கீழே வைப்பாள். சப்பென்று இருக்கும். பிள்ளைகளை வடக்குச் சுவர் நிழலில் உட்காரவைப்பார்கள். அவை கையாலும் முட்டியாலும் தடவும், தடவியதை நக்கும், நக்கியதன் மேல் ஜொள்ளை வடித்து மறுபடி தடவும். அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். யாரோ கல்யாணச் சாப்பாட்டைச் சுவரில் வாந்தி எடுத்தது மாதிரி இருந்தது.

முதலில் நக்கியது அந்தோணியம்மாள். பால் கொடுக்க வந்தவள், தன் பையனின் கைத்தடத்திலிருந்து வழிந்த சிவப்பைக் குழம்பு பதம் பார்ப்பது போல விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். மறுபடி ஒருமுறை தொட்டு வைத்தாள்.

“உப்பு இல்ல, இலக்கியா.”

“புள்ளைங்களுக்குப் போடக்கூடாதுக்கா.”

“அடியே, அத சொல்லல. என் வாயில உப்பு இல்லடி. கண்ணாலம் ஆகி இந்த வேலைக்கு வந்த நாள்லருந்து கரிச்சிக்கினே இருந்த வாயி.”

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு சோறும் கரிக்கும், தண்ணீரும் கரிக்கும், தூங்கி எழுந்தால் எச்சிலும் கரிக்கும். அந்தச் சுவரை நக்கினால் ஒரு நாள் பூரா வாய் கரிக்கவில்லை. சட்டியிலிருந்து வழித்துத் தின்றவர்களுக்கு வெறும் கஞ்சிதான் கிடைத்தது. பிள்ளைகள் கைபட்டுச் சுவருக்குப் போனால்தான் அந்தக் குணம் வந்தது. இது மறுக்க முடியாதபடி பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். பாத்தி ஆட்கள் வந்தார்கள், லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள் வந்தார்கள், பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போனவர்கள் வழியில் வேனை நிறுத்தி இறங்கினார்கள். உப்புக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்களும், மற்றவன் நக்குகிறான் என்பதால் நக்கினார்கள்.

காலையில் கதவைத் திறக்கும்போதே இலக்கியாவுக்குக் குமட்டும். சுவர் முழுக்க எச்சில் காய்ந்து நத்தை ஊர்ந்த தடம் மாதிரி மினுங்கும். வெற்றிலைச் சாறு, பான்மசாலா, மீன் கவிச்சி, நேற்றுக் குடித்த வாய், எல்லாம் சேர்ந்து புளித்த கஞ்சியோடு நாறும். ஈ அப்பிக் கிடக்கும். ஒருநாள் ஒரு பல் ஒட்டிக்கொண்டிருந்தது. சோடாத் தூள் போட்டுத் தேய்த்தாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள், அதையும் நக்கிவிட்டு நல்லதுதான் என்றார்கள். பிள்ளைகளை வேறு சுவருக்கு மாற்றினால் அவை சும்மா உட்கார்ந்து அழுதன. வைகாசி பிறப்பதற்குள் நிறைமதிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அதன் காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றியபோது, வண்ணத்தைச் சரியாகக் கொதிக்கவைக்கவில்லையோ, தன் கையில்தான் அழுக்கோ என்று இலக்கியா திரும்பத் திரும்ப யோசித்தாள். பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் வந்தது. மகள் பிழைத்துக்கொண்டாள், இன்னொரு முறை தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து, விரலில் துணியைச் சுற்றி மகளின் நாக்கில் படிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் வேலி வாசலில் ஸ்டூல் போட்டு நின்றாள். கொதிக்கவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணிகளைப் பக்கத்தில் அடுக்கியிருந்தாள். நக்க வருகிறவர்கள் முதலில் வாயைக் காட்ட வேண்டும். அவள் நாக்கைத் துடைப்பாள். துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் துடைப்பாள். வராவிட்டால் சுவருக்குப் போகக் கூடாது.

சிரித்தார்கள். அந்தோணியம்மாள் முதல் ஆளாக வந்து நாக்கை நீட்டிய பிறகு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். தேய்ந்த சுவருக்கு மூட்டைக்காரர் சகாயராஜ் மண் குழைத்துப் பூசிக் கொடுத்தார். அன்றிலிருந்து இலக்கியா ஊரின் நாக்குகளைத் தொட்டுப் பார்த்தாள். மாவு அப்பிய நாக்கு, ஆடு மாதிரி சொரசொரப்பான நாக்கு, வெடித்த நாக்கு, விரலைச் சுற்றி வளைத்துக்கொள்கிற நாக்கு. சூடாக, வழவழவென்று, உயிருள்ள ஏதோ பிராணி மாதிரி நெளியும். மத்தியானம் அவளால் சோற்றைப் பிசைய முடியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வயிற்றால் போவது நின்றது.

வரிசையைத் தாண்டி நடராசன் வந்தது ஆனி மாதம். அவர் வீட்டில் உப்பள ஆட்களுக்கு காபி பேப்பர் கப்பில் வரும், மற்றவர்களுக்கு டம்ளரில். ரொம்ப நாளாக அவருக்கும் வாய் கரித்துக்கொண்டிருந்தது. பாத்திப் பக்கம் வருவதே அபூர்வம் என்றாலும் கரித்தது.

“எச்சிப்படாத எடமா ஒண்ணு காட்டும்மா.”

“அப்படி எடமே இல்லீங்க. புள்ளைங்க ஜொள்ளு ஊத்தித்தான் தடவுதுங்க.”

“புள்ளைங்க எச்சி பரவால்ல. எது யார் வூட்டுப் புள்ள தடவுனதுன்னு சொல்லு, போதும்.”

பூச்சி விழுந்த பாலைப் பார்ப்பது போல இலக்கியா அவரைப் பார்த்தாள். அத்தனை நாக்குகளைத் தொட்டும் அவள் யாரையும் இப்படிப் பார்த்ததில்லை.

“ஆ காட்டுங்க,” என்றாள்.

“என் வாயில நீ கை வைப்பியா?”

“எல்லார் வாயிலயும்தான் வைக்கறேன்.”

“தொறங்க சார்,” என்றார் வரிசையிலிருந்த சகாயராஜ். “என் வாயில வுட்ட கை, இனிமே எதுக்கும் பயப்படாது.”

சிரிப்பு அடங்கியதும் நடராசன், “கட்டடம் யாருதுன்னு ஞாபகம் இருக்குதா?” என்றார்.

இலக்கியா ஒரு துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். நாளைக்கே பூட்டு தொங்கும், பிள்ளைகள் வரப்புக்குப் போகும், எல்லாம் தன்னால்தான் என்று தோன்றியது. வேலிக்கு உள்ளே நிறைமதி சுவரில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இருக்குதுங்க. துணி வெள்ளையா வந்தா நக்குங்க.”

போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வெள்ளி வழிப்பானால் தினமும் வழிக்கிற நாக்கு, ரோஜா நிறத்தில் இருந்தது. துடைத்த துணி உப்புப் பாத்திச் சேறு மாதிரி கறுப்பாக வந்தது. வேறு துணி எடுத்தாள், அதுவும் கறுப்பு. அடுக்கி வைத்தது தீர்ந்து, வேலியில் காய்ந்ததைக் கொண்டுவந்து துடைத்தாள். வெயில் உச்சிக்கு வந்தது, கறுப்பு குறையவில்லை. நாக்கு மட்டும் அப்படியே ரோஜா நிறத்தில் இருந்தது.

“நாளைக்கு வாங்க,” என்றாள்.

கட்டடத்தை அவர் பூட்டவில்லை. பூட்டினால் சுவரில் யார் தடவுவார்கள் என்று அவருக்கும் தெரியும். மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி எல்லோரும் வேறு வேலைக்குப் போன மாதங்களிலும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பருவம் போய்விட்டது. நிறைமதி பால்வாடிக்குப் போகிறாள், புதுக் கைக்குழந்தைகள் சுவரில் தடவுகின்றன. அரிசி விலை ஏறிவிட்டதால் இலக்கியா குருணை மாவில் காய்ச்சுகிறாள், குணத்தில் வித்தியாசம் இல்லை. நடராசன் இப்போது வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவர்கள் வழிவிடுவதில்லை, அவரும் கேட்பதில்லை. முறை வந்ததும் வாயைத் திறப்பார். துணி கறுப்பாக வரும். அவளுக்கு இன்னமும் குமட்டும். துணியை வாளியில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள், அவர் வாயை மூடிக்கொண்டு காருக்குப் போவார். அவள் வேறு துணியை விரலில் சுற்றிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள்.