டம்ளரில் பினாயில் வாடை

தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் செந்தில்வேலுக்குக் கடை. பினாயில், பிளீச்சிங் பவுடர், டெட்டால், கிணற்றில் போடும் பெர்மாங்கனேட் எல்லாம் அங்கே கிடைக்கும். துறைமுகத்துக் கப்பல்காரர்கள்கூட ஆள் அனுப்பி வாங்குவார்கள். தரைக்கு எது, சாக்கடைக்கு எது, புண்ணுக்கு எது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனுஷன் பேச்சை நிறுத்த மாட்டான். கேட்டுக் கேட்டு அவன் மனைவி செண்பகத்துக்கும் எல்லாம் அத்துபடி. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்து நாலாம் வருஷம் செந்தில்வேலின் தங்கை செல்லக்கிளி டிபி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தாள். குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அப்பா அம்மா இல்லை. கட்டினவனோ நோய் என்று தெரிந்ததுமே வேறு கல்யாணம் செய்துகொண்டான். அண்ணன் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது?

"ஏளா, வா, உள்ள வா" என்று செண்பகம் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனாள். ஒப்புக்கு இல்லை, மனசாரத்தான். ஆனால் காபி குடித்துவிட்டுச் செல்லக்கிளி டம்ளரைக் கீழே வைத்ததும் செண்பகத்துக்குத் தன் கைக்குழந்தை ஞாபகம் வந்துவிட்டது. பாழாய்ப்போன பயம், சொன்னால் கேட்கிறதா? தனி டம்ளர் வைத்தால் செல்லக்கிளி கண்டுகொள்வாள். ஒருவருக்கும் தெரியாமல் டம்ளரைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். எதைப் போட்டுக் கழுவுவது? அதை மட்டும் கடையில் யாரும் கேட்டதில்லை. இருப்பதில் எது காட்டமோ அதுதான் நோயைக் கொல்லும் என்று பினாயிலை ஊற்றித் தேய்த்தாள். பிறகு சாம்பல் போட்டுக் கழுவி முகர்ந்து பார்த்தாள். கையெல்லாம் அதே வாடை, டம்ளரில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் டம்ளர் மாறிப்போயிற்று. செந்தில்வேல் ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினான்.

"ஏளா செண்பகம்! என்னளா இது? பினாயிலு! நம்ம கடைச் சரக்கேதான்!"

செண்பகத்துக்கு உடம்பெல்லாம் கூசிற்று. எதிரே செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். அவள் டம்ளரைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"நான்தாண்ணே" என்றாள் செல்லக்கிளி. "நேத்து நான் குடிச்சதுல்லா, அதான் பினாயில் போட்டுக் கழுவுனேன். மதினிக்குத் தெரியாது."

அண்ணன் பிடித்துக்கொண்டான். "கூறுகெட்டவளே! பினாயில் தரைக்குளா. குடிக்குத பாத்திரத்துல அதப் போடலாமா? சோப்பப் போட்டுத் தேச்சு, கொதிக்குத வெந்நியில முக்கி வச்சாத் தீந்துச்சு. ஆஸ்பத்திரில இம்புட்டு நாள் கெடந்தியே, இதுகூடவா தெரியல? பிள்ளை வாயில பட்டிருந்தா என்னளா ஆகும்?"

செல்லக்கிளி தலையைக் குனிந்து அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையும் செண்பகத்தைத்தான் குத்திற்று. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள், நாக்கு எழும்பவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் கடைக்குப் போனதும் அடுக்களையில் செல்லக்கிளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னய நாலு ஏச்சு ஏசிரு தாயி."

"அழாதிய மதினி. பச்சப்பிள்ள இருக்க வீடு. பயம் இருக்கத்தான செய்யும்." செல்லக்கிளி அந்த டம்ளரை எடுத்து அடுப்பில் கொதித்த தண்ணீரில் போட்டாள். "பினாயில் போட வேண்டாம்னு நான் சொல்லல. நான் படுத்த தரைக்குப் போடுங்க. நான் ஊருக்குப் போன பொறவு."

"ஊருக்கா? எந்த ஊருக்குளா?"

செல்லக்கிளி கொல்லைக்குப் போனாள். கொடியில் பாதி காய்ந்திருந்த தன் சேலையை உருவி மடிக்க ஆரம்பித்தாள். செண்பகத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.