கூடாரத்துக் கீபோர்டு

ஜெரினைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. விற்பதற்கு வைத்த பொருளைத் துணி போட்டுத் துடைக்கக்கூட அவனுக்கு மனசில்லை. திருவொற்றியூரில் அவன் அப்பாவின் மளிகை குடோன். உள்ளே வத்தல் மூட்டைகளுக்கு நடுவே, இரண்டு எண்ணெய் டின்களின் மேல் அந்தக் கீபோர்டைக் கிடத்தியிருந்தான். கட்டைகளின் இடுக்கில் கரப்பான் பூச்சி முட்டை. மேலே யாரோ டீ கிளாஸ் வைத்து எடுத்த பழுப்பு வட்டம். கருமம், இந்த மாதிரி ஆட்கள் கையில் போய்த்தான் நல்ல சாமான் எல்லாம் மாட்டுகிறது.

நல்ல சாமான்தான், அதில் சந்தேகமே இல்லை. நான் பீம்ராவ், வியாசர்பாடி. கல்யாண ரிசப்ஷன், ஆடித் திருவிழா, சாவு வீட்டுக் கானா, எதற்குக் கூப்பிட்டாலும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன். என்னிடம் இருந்தது பர்மா பஜாரில் வாங்கிய ஒன்று. வயலின் என்று எழுதிய பொத்தானை அமுக்கினால் கொசு பாடும். ஜெரின் விற்கிற ரகத்துக்கு ஹைபிரிட் சிந்தசைசர் என்று பெயர். எண்பதுகளில் ஜப்பான்காரன் செய்தது. சத்தத்தை உண்டாக்குவது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் சில்லு. உண்டான சத்தத்தை வடிகட்டி வெளியே விடுவதோ பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற மின்சுற்று. அந்த வடிகட்டிக்கு ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகத் திருக, அடைத்துக்கிடந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வரும். இதையெல்லாம் எங்கள் ட்ரூப் ஓனரிடம் விளக்கினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, அதில் ரெடிமேட் ரிதம் இருக்கிறதா, ட்ரம்ஸ்காரனை நிறுத்திவிடலாமா என்பதுதான். சீ என்று போய்விட்டது.

வீட்டில் நிலைமை சரியில்லாத நேரம் அது. அம்மாவுக்குக் காலில் புண். என் அம்மா கெங்கம்மா, கொடுங்கையூர் குப்பைமேட்டில் கார்ப்பரேஷன் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். அத்தனை வருஷம் அந்தக் குப்பையில் நடந்தும் ஒன்றும் ஆகாத கால், தெருவில் ஒரு பாட்டில் சில் குத்தியதில் பழுத்துவிட்டது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. தினமும் வீட்டில் சர்க்கரை ஊசி போட்டு, ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போய்வந்தவள் திடீரென்று முரண்டு பிடித்தாள். ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். திருவொற்றியூரில் கூடாரம் போட்டு நடக்கும் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு ஞானபாக்கியத்தோடு போனாளாம். அங்கே வலி போய்விட்டதாம். காலுக்கடியில் கப்பல் ஊதுவதுபோல ஒரு சத்தம் ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, தலைக்கு மேல் வானம் பிளந்ததாம்.

யாருடைய வீட்டில் இந்தப் பேச்சு பாருங்கள். என் அப்பா சின்னப்பையன் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். புத்தரும் பாபாசாகேபும் தவிர வேறு படம் ஏறாத சுவர் எங்களுடையது. நான் கத்தினேன், கெஞ்சினேன். ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் அவள் புண்ணின் வாடை சுற்றிச் சுற்றி வந்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொல்லி, நானும் என் மனைவி ஷாலுவும் அவள் கட்டிலை வெளியே வராந்தாவில் போட்டோம். அம்மா தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

குடோனில் ஜெரின் பிளக்கைச் சொருகி, ஆம்ப்ளிஃபயரைத் தட்டி உயிர் கொடுத்தான். எல்லாக் கட்டையும் பேசியது. நான் விரலை வைத்ததும் அந்தத் தடித்த, ஈரமான சத்தம் மூட்டைகளுக்குள் புகுந்து வந்தது. அப்போதுதான் அவன் என்னை விலக்கிவிட்டு, இதைப் பாருங்கள் என்று ஒரு பொத்தானை அமுக்கினான்.

அடிவயிற்றில் ஒரு ரீங்காரம். ஹார்பரில் கப்பல் ஊதுகிற அதே கனம். அவன் இடது கையால் குமிழை மெதுவாகத் திருக, சத்தம் மேலே மேலே ஏறியது. குடோன் தகரம் அதிர்ந்தது. எனக்குக் கை ரோமம் சிலிர்த்துக்கொண்டது, பொய் சொல்லக் கூடாது. இது எங்கே வாசித்தது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

"கூடாரத்துலதான் அண்ணே. நாலு வருசம் நாந்தான் வாசிச்சேன். லைட்ட அணைச்சிருவாங்க, நான் இந்தக் குமிழத் திருகுவேன். பாதி சனம் அழும், மீதி சனம் பொத்துன்னு விழும். வேற எந்தக் கீபோர்டுலயும் இது வராது, பாத்துக்கிடுங்க."

விற்பனைக்குச் சொல்கிறான், பெருமையாகச் சொல்கிறான். ஊழியத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து புதுசு வந்துவிட்டதாம், அதனால் இதைத் தள்ளிவிடுகிறானாம். சாவு வீட்டுக் கச்சேரிக்கும் இந்தச் சத்தம் பிரமாதமாக எடுபடும், பொம்பளைகள் கதறிவிடுவார்கள் என்று யோசனை வேறு. விழுந்து எழுந்து போகிறவர்கள் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அது அவரவர் விசுவாசம், நான் மியூசிக் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு மிளகாய் வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டான். அந்த விரலைப் பிடித்து ஒடிக்கலாம்போல இருந்தது.

ஆனால் நான் எழுந்து வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் அம்மாவின் காலை அழுகவிட்ட சத்தம் என்று தெரிந்தும், விரல் அதை விட்டு வர மறுத்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாங்கலாமா, வேண்டாமா? வாங்கினால் இந்தப் பயலின் பாவத்தில் எனக்கும் பங்கு. விட்டால், இப்படி ஒன்று இந்த ஜென்மத்தில் என் கைக்கு வராது. பிறகு ஒரு யோசனை வந்தது. அம்மாவிடம் வாதாடுவானேன்? சாமியையே வீட்டுக்குக் கொண்டுபோய், பிளக்கில் சொருகிக் காட்டிவிட்டால் போயிற்று. இரண்டு நாள் வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஜெரினும் சரி என்றான்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கும் மணலி டேங்கர்களுக்கும் நடுவில் ஊர்ந்து, வியாசர்பாடி வரும்வரை எனக்குள் ஒரே கொண்டாட்டம். இந்தக் கூத்து இன்றோடு முடிந்தது, நாளை ஆஸ்பத்திரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வராந்தாவில் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஸ்டாண்டைப் போட்டேன். ஒயரை உள்ளேயிருந்து இழுத்தேன். அம்மா தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் பழைய புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதன் மேல் ஈ. நான் வாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு கட்டையை அமுக்கினேன். ரீங்காரம் எழுந்தது. குமிழைத் திருகினேன். பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஞானபாக்கியம் வாசலில் வந்து நின்று கையைக் கூப்பினாள். மேலே ஏற்றி, வானத்தைப் பிளந்து, பட்டென்று நிறுத்தினேன்.

இவ்வளவுதான் உன் அதிசயம், மிளகாய் வத்தல் விற்கிற ஒருத்தன் கையால் திருகினது என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மூச்சு வாங்கியது.

அம்மா சிரித்தாள்.

"மிஷினுன்னு எனுக்குத் தெரியாதா நைனா? மேடைக்குக் கீழ ஒயரு போச்சி, அத்தத் தாண்டிகினுதான் நான் உள்ள போனேன்."

தெரிந்திருந்தும் ஏன் ஊசியை நிறுத்தினாய் என்று கேட்டேன். அவள் ஈயை விரட்டினாள். பிறகு மெதுவாக, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பால் பிரிப்பாளாம். ஷாலு தட்டைத் தள்ளித்தான் வைக்கிறாளாம். கூடாரத்தில் லைட் அணைந்து அந்தச் சத்தம் வந்தபோது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பொம்பளை இவள் காலைக் கட்டோடு மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாளாம். யாருக்காக அழுதாளோ, இவளுக்குத் தெரியாது.

"அவ மூக்கப் பொத்தல. நான் குப்பமேட்டுலேர்ந்து வர்றப்ப, இந்த வூட்ல யாரும் மூக்கப் பொத்தக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லி வெச்சிருந்தாரு. அவரு கீற வரிக்கும் யாரும் பொத்தல. நீகூடப் பொத்தல."

எனக்கு முகம் எரிந்தது. அதுவரை ஜெரினைத் திட்டினேன், ட்ரூப் ஓனரைத் திட்டினேன், ஊரையே திட்டினேன். என் அம்மாவை வெளியே கிடத்திவிட்டு, அவள் பக்கத்தில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற என்னை என்ன சொல்லித் திட்டுவது?

அம்மா கீபோர்டைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். நீ அவனைவிட நல்லா வாசிக்கிறாய் என்றுகூடச் சொன்னாள்.

"ஆனா திருப்பிக் குட்த்துடு நைனா. இது வூட்ல இருந்தா, வலிக்கிறப்பல்லாம் நானும் வாசின்னு கேப்பேன். நீயும் எட்ட நின்னு வாசிச்சிட்டுப் பூடுவ."

ஜெரினுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லும்படி ஷாலுவிடம் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கினேன். பேசினில் தண்ணீரும் டெட்டாலும் கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்தேன். சுட்டது. முதல் சுற்றைப் பிரித்தேன். இரண்டாவது சுற்றில் மஞ்சளாகக் கசிந்தது. அந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. எழுந்து ஓடி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கால்வாயில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். நாற்றம், அப்படி ஒரு நாற்றம். பெற்றவள் உடம்பென்றாலும் அதை நாற்றமில்லை என்று சொல்ல முடியாது.

வாயைக் கழுவிக்கொண்டு மேலே வந்தேன். அம்மா காலை நீட்டியபடியே இருந்தாள். உட்கார்ந்து, மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு, ஊறவைத்து, மூக்கால் மூச்சு விட்டபடி இழுத்தேன். அம்மா என் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.